மெயில் சர்வர்ல ஸ்பாமை நிறுத்த பிளாக்லிஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமா மெயில் சர்வர் ஓட்டுறவங்க, இல்ல ஆபீஸ்ல அந்த வேலை தலையில வந்து விழுந்தவங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். காசு அதிகம் செலவில்லாம இவ்வளவு ஸ்பாமை வாசல்லயே நிறுத்துற வழி ஐபி பிளாக்லிஸ்ட் (மெயில் வாங்கக் கூடாத ஐபி அட்ரஸுங்களோட லிஸ்ட்) மாதிரி வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா எங்கயோ இருந்து கான்ஃபிக்கை காப்பி பண்ணி போட்டுட்டு மறந்துட்டீங்கன்னா, யாரோ ஒருத்தருக்கு வர வேண்டிய வேலை ஆர்டரோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோ வராமலே போகும், வரலைன்னு அவருக்கு தெரியக்கூட தெரியாது. அதனால எப்படி போடுறதுன்னு சொல்றப்பவே எப்படி பொறுப்பா போடுறதுன்னும் சேத்தே சொல்லிடுறேன்.

பிளாக்லிஸ்ட் நடத்துறவங்கதான் மெயிலை பிளாக் பண்றாங்களா?

இல்ல. அவங்க யாரோட மெயிலையும் தொடுறதே இல்ல. "இந்த ஐபில இருந்து ஸ்பாம் வந்துச்சு", "இந்த ஐபி நேரா மெயில் அனுப்ப வேண்டிய ஐபியே இல்ல"ன்னு ஒரு கருத்தை டிஎன்எஸ்ல (பேரை குடுத்தா ஐபி நம்பரை சொல்ற இன்டர்நெட் சிஸ்டம்) போட்டு வைக்கிறாங்க, அவ்வளவுதான். அந்த கருத்தை கேட்டுட்டு மெயிலை வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது மெயில் வாங்குற பக்கத்து சர்வர், அதாவது அதோட அட்மின், அதாவது நீங்க. ஸ்பாம்ஹாஸ்னு பிளாக்லிஸ்ட் நடத்துற ஒரு அமைப்பு இருக்கு. "ஸ்பாம்ஹாஸ் பிளாக் பண்ணிடுச்சு, எங்க கையில ஒண்ணும் இல்ல"ன்னு யூசர்கிட்ட சொல்ற அட்மின்களை பாத்தா எனக்கு நிஜமாவே கோவம் வரும். அந்த லிஸ்ட்டை கான்ஃபிக்ல எழுதினது நீங்க, ஒரே வரில அந்த ஐபிக்கு விலக்கு குடுக்க முடியறதும் உங்களாலதான்.

இது எப்போ ஆரம்பிச்சது?

1997ல. பால் விக்ஸி ஆரம்பிச்ச மேப்ஸ் அமைப்போட ஆர்பிஎல்தான் முதல் லிஸ்ட். ஆரம்பத்துல அது டிஎன்எஸ்லயே இல்ல, பிஜிபி (ரவுட்டருங்க தங்களுக்குள்ள வழி சொல்லிக்கிற முறை) வழியா ரவுட்டர்களுக்கு போச்சு, அதனால அதுல சேர்ந்த நெட்வொர்க்குங்க அந்த ஐபியோட மெயிலை மட்டும் இல்ல எல்லா டிராஃபிக்கையும் கீழ போட்டுடும். அப்புறம்தான் யார் வேணாலும் டிஎன்எஸ்ல கேட்டுக்கலாம்ங்கற வழி வந்துச்சு, அதுவே நிலைச்சிடுச்சு. ஸ்டீவ் லின்ஃபோர்டு 1998ல ஸ்பாம்ஹாஸை ஆரம்பிச்சார். லிஸ்ட்ல எப்படி கேக்கணும், பதில் எப்படி இருக்கணும்ங்கறதை ஆர்எஃப்சி 5782ன்னு ஒரு இன்டர்நெட் ஆவணமா 2010ல எழுதி வச்சாங்க, அதுக்கு முன்னாடியே எல்லாரும் அப்படித்தான் பண்ணிட்டு இருந்தாங்க. மேப்ஸோட லிஸ்ட் பேரு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, போஸ்ட்ஃபிக்ஸ்ங்கற மெயில் சர்வர் சாஃப்ட்வேர்ல இன்னிக்கும் அந்த செட்டிங் பேரு ரிஜெக்ட் ஆர்பிஎல் கிளையன்ட்தான்.

உள்ள என்னதான் நடக்குது? ஒரு தடவை முழுசா சொல்லுங்க.

192.0.2.45ங்கற ஐபில இருந்து உங்க சர்வரோட போர்ட் 25க்கு ஒரு கனெக்ஷன் வருதுன்னு வைங்க. உங்க சர்வர் அந்த நம்பரை தலைகீழா திருப்பி 45.2.0.192ன்னு ஆக்கும், அதுக்கு பின்னாடி லிஸ்ட் பேரை ஒட்டும், ஸ்பாம்ஹாஸ்னா ஜென் டாட் ஸ்பாம்ஹாஸ் டாட் ஆர்க், இப்படி ஒட்டின பேருக்கு ஏ ரெகார்ட் (பேருக்கான ஐபி நம்பர்) இருக்கான்னு டிஎன்எஸ்ல கேக்கும். அப்படி ஒரு பேரே இல்லைன்னு பதில் வந்தா ஐபி லிஸ்ட்ல இல்லைன்னு அர்த்தம், மெயில் அடுத்த செக்குக்கு போகும். 127ல ஆரம்பிக்கிற ஒரு நம்பர் பதிலா வந்தா லிஸ்ட்ல இருக்குன்னு அர்த்தம். உடனே எதிர் சர்வருக்கு 554ங்கற மறுப்பு கோட் போகும், லாக்ல "கிளையன்ட் ஹோஸ்ட் 192.0.2.45 பிளாக்ட் யூசிங்"னு லிஸ்ட் பேரோட ஒரு வரி விழும். அதே பேருக்கு டெக்ஸ்ட் ரெகார்டும் இருக்கும், ஏன் லிஸ்ட் பண்ணோம்ங்கற காரணமோ லிங்கோ அதுலதான் இருக்கும், அதையும் சேத்து அனுப்புனவருக்கு திருப்பி அனுப்பலாம்.

இதுல பெரிய லாபம் என்னன்னா மெயிலோட உள்ளடக்கம் ஒரு பைட் கூட உள்ள வர்றதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிடுது. சிபியு, டிஸ்க், வைரஸ் ஸ்கேனர் எல்லாத்துக்கும் வேலை மிச்சம். ஒரு சின்ன டிஎன்எஸ் கேள்விதான், அதுவும் கேஷ் ஆகிடும்.

பதில்ல வர்ற 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 எல்லாம் ஒண்ணுதானா?

ஒண்ணு இல்ல, இதை படிக்க கத்துக்கிட்டா பாதி பிரச்சனையை நீங்களே தீர்த்துக்கலாம். ஸ்பாம்ஹாஸோட ஜென்ங்கறது பல லிஸ்ட்டை ஒண்ணா சேத்த ஒரு மூட்டை. கடைசி நம்பர் 2ன்னா எஸ்பிஎல், மனுஷங்க பாத்து சேத்த ஸ்பாம் ஆதாரங்கள். 3ன்னா சிஎஸ்எஸ், மோசமா மெயில் அனுப்புற ஐபிங்களை தானா கண்டுபிடிச்சு சேக்குறது. 4ன்னா எக்ஸ்பிஎல், வைரஸோ பாட்டோ (தானா ஸ்பாம் அனுப்புற கள்ள புரோகிராம்) புகுந்த மெஷின். 10ம் 11ம் பிபிஎல், அது வேற ஜாதி, அதுல இருக்கறவங்க யாரும் தப்பு பண்ணவங்க இல்ல, வீட்டு பிராட்பேண்ட் மாதிரி நேரா மெயில் அனுப்ப தேவையில்லாத ஐபி ரேஞ்சுங்க. 10 அந்த நெட்வொர்க்காரங்களே குடுத்தது, 11 ஸ்பாம்ஹாஸ் சேத்தது. யாராவது "என் ஐபி பிளாக்லிஸ்ட்ல இருக்கு"ன்னு பதறிக்கிட்டு வந்தா முதல்ல இந்த நம்பரை கேளுங்க, 10ன்னா பதற ஒண்ணுமே இல்ல.

எந்த லிஸ்ட்டை போடலாம்?

என் அபிப்பிராயம் இது. நேரா ரிஜெக்ட் பண்ண ஜென் ஒண்ணு போதும். தப்பா மாட்டுறது குறைவு, எடுக்கிற வழியும் தெளிவா இருக்கு. கூட ஒண்ணு வேணும்னா பாராகுடா கம்பெனியோட லிஸ்ட், உங்க சர்வர் ஐபியை முதல்ல அவங்ககிட்ட ரெஜிஸ்டர் பண்ணணும். ஸ்பாம்காப்ங்கற லிஸ்ட் வேகமா ரியாக்ட் பண்ணும், யூசர் ரிப்போர்ட்டையும் ஸ்பாம் டிராப்பையும் (ஸ்பாமை பிடிக்கவே வச்சிருக்கற அட்ரஸ்) வச்சு ஓடுறது, புகார் நின்னு ஒரு நாளுக்குள்ள தானா எடுத்துடும், ஆனா நல்ல சர்வரும் அப்பப்போ அதுல எட்டிப் பாத்துட்டு போகும், அதனால அதை ஸ்கோருக்கு (கீழ சொல்றேன்) மட்டும் வச்சுக்கங்க.

யூசிஇ புரொடெக்ட்ங்கற லிஸ்ட்ல லெவல் 1, 2, 3ன்னு மூணு இருக்கு. லெவல் 1 தனி ஐபி, லெவல் 2 பக்கத்து ரேஞ்சு, லெவல் 3 போட்டீங்கன்னா ஒரு ஹோஸ்டிங் கம்பெனியோட முழு நெட்வொர்க்கும், அதாவது அந்த ஏஎஸ் நம்பருக்கு கீழ இருக்கற அத்தனை பேரும் மாட்டுவாங்க. எவனோ பண்ணதுக்கு அங்க சர்வர் வாடகைக்கு எடுத்த ஒவ்வொருத்தரையும் தண்டிக்கிறது நியாயமே இல்ல, லெவல் 3ஐ வச்சு தயவுசெஞ்சு யாரையும் ரிஜெக்ட் பண்ணாதீங்க.

ஸ்பாம்ஹாஸ் ஃப்ரீ சர்வீஸுக்கு ஒரு வரம்பு இருக்கு, கொஞ்சமா கேள்வி கேக்குற, வியாபாரமா பண்ணாத சின்ன சர்வருக்குத்தான் அது. அதுக்கு மேலன்னா ரெஜிஸ்டர் பண்ணி கீ வாங்கணும், பெரிய அளவுன்னா காசு கட்டணும்.

பத்து பதினஞ்சு லிஸ்ட் சேத்து போட்டா இன்னும் நல்லா பிடிக்கும்ல?

பிடிக்காது. முதல் லிஸ்ட்டே பெரும்பாலானதை பிடிச்சிடும், ரெண்டாவது கொஞ்சம் சேக்கும், அதுக்கு அப்புறம் வர்றதெல்லாம் ஏற்கனவே பிடிச்சதையே திரும்ப பிடிக்கும். ஆனா தப்பு மட்டும் கூடிக்கிட்டே போகும், ஏன்னா ஒவ்வொரு லிஸ்ட்டும் தப்பு பண்றது வேற வேற இடத்துல. கூடவே ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் பதினஞ்சு டிஎன்எஸ் கேள்வி, அதுல ஒரு லிஸ்ட் செத்துப் போய் பதிலே வரலைன்னா டைம்அவுட் ஆகிற வரைக்கும் மெயில் நின்னுக்கிட்டு இருக்கும். எந்த லிஸ்ட்டை சேத்தாலும் அதை யார் நடத்துறாங்க, எதுக்கு சேப்பாங்க, எப்படி எடுப்பாங்கன்னு மூணு கேள்விக்கு உங்களுக்கு பதில் தெரியணும். தெரியலைன்னா அது உங்க கான்ஃபிக்ல இருக்கக் கூடாது.

நேரா ரிஜெக்ட் பண்றதா, ஸ்கோர் குடுக்குறதா?

ரெண்டும்தான், எதை எங்கங்கறதுதான் விஷயம். நல்லா நம்பிக்கை இருக்கற லிஸ்ட்டை வாசல்ல வைங்க, மத்ததை ஸ்கோருக்கு அனுப்புங்க. ஸ்பாம்அசாசின்ங்கற ஸ்பாம் ஃபில்டர்ல டீஃபால்ட்டா 5 பாயிண்ட் வந்தா ஸ்பாம், அதுல ஒரு லிஸ்ட் அதைவிட கம்மியாத்தான் பாயிண்ட் குடுக்கும், தனியா எந்த லிஸ்ட்டாலயும் ஒரு நல்ல மெயிலை கொல்ல முடியாது. ஆர்ஸ்பாம்டியும் அதே மாதிரிதான்.

போஸ்ட்ஃபிக்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு போஸ்ட்ஸ்கிரீன் இருக்கு, 2.8 வெர்ஷன்ல இருந்து வருது, வாசல்லயே ஒவ்வொரு லிஸ்டுக்கும் ஒரு எடை குடுக்கலாம். ஜென்னுக்கு 3, பாராகுடாவுக்கு 2, ஸ்பாம்காப்புக்கு 1, மொத்தம் 3 வந்தா வெளிய போன்னு வச்சா, ஜென் சொன்னா தனியாவே போதும், மத்த ரெண்டுல ஒண்ணு மட்டும் சொன்னா போதாது, ரெண்டும் சேந்து சொன்னாத்தான் ரிஜெக்ட். நல்லவங்க லிஸ்ட்டான டிஎன்எஸ்டபிள்யூஎல்லுக்கு மைனஸ் எடை குடுத்து வச்சா பேரெடுத்த சர்வருங்க தப்பிச்சிடும். எக்ஸிம்ங்கற இன்னொரு மெயில் சர்வர்ல ஏசிஎல்லுக்குள்ள (யாரை விடலாம்ங்கற விதிங்க) டிஎன்எஸ்லிஸ்ட்ஸ்னு ஒரு கண்டிஷன் இருக்கு, அங்க போடணும்.

புது லிஸ்ட் எதையும் முதல் நாளே ரிஜெக்ட்ல போடாதீங்க. போஸ்ட்ஃபிக்ஸ்ல வார்ன் இஃப் ரிஜெக்ட்னு ஒரு வார்த்தையை அதுக்கு முன்னாடி எழுதினா, உண்மையா ரிஜெக்ட் பண்ணாம "நான் இதை ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்"னு லாக்ல மட்டும் எழுதும். கொஞ்ச நாள் அப்படியே ஓட விட்டு அந்த வரிங்களை உக்காந்து படிங்க, உங்க கஸ்டமர் பேரு, உங்க சப்ளையர் பேரு, பேங்க் பேரு எதாவது அதுல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னு தெரிஞ்ச அப்புறம் அந்த வார்த்தையை எடுங்க.

ரிஜெக்ட் பண்ணா அனுப்புனவர் கோவிச்சுக்குவாரே, வாங்கிட்டு டெலிட் பண்ணிடலாமா?

வேண்டவே வேண்டாம், இந்த பேஜ்ல நான் அழுத்தி சொல்ற விஷயம் இதுதான். கனெக்ஷன் இருக்கும்போதே 5ல ஆரம்பிக்கிற கோட் குடுத்து ரிஜெக்ட் பண்ணா, அந்தப் பக்கம் இருக்கறது நிஜமான மெயில் சர்வரா இருந்தா அது அனுப்புன ஆளுக்கு "உங்க மெயில் போகல, காரணம் இது"ன்னு சொல்லிடும். அவர் போன் பண்ணுவார், வேற அக்கவுண்ட்ல இருந்து அனுப்புவார், ஏதோ ஒரு வழி பாப்பார். அந்தப் பக்கம் பாட்டா இருந்தா அது எதையும் கண்டுக்காம போயிடும். ரெண்டு பக்கமும் சரி.

வாங்கி ஓகே சொல்லிட்டு உள்ள டெலிட் பண்ணா அனுப்புனவர் மெயில் போயிடுச்சுன்னு நம்பிக்கிட்டு இருப்பார், வாங்க வேண்டியவர் அவர் அனுப்பவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருப்பார். அதே மாதிரி வாங்கிட்டு அப்புறமா பவுன்ஸ் அனுப்புறதும் தப்பு, ஸ்பாமோட ஃப்ரம் அட்ரஸ் பொய்யானது, அதனால உங்க பவுன்ஸ் சம்பந்தமே இல்லாத யாருக்கோ போய் விழும், அதுக்கு பேக்ஸ்கேட்டர்னு பேரு, அதை பண்ற சர்வரை பிளாக்லிஸ்ட் பண்றவங்களும் உண்டு.

இன்னொண்ணு, போஸ்ட்மாஸ்டர் அட்ரஸுக்கு வர்ற மெயிலை மட்டும் பிளாக்லிஸ்ட் செக்ல இருந்து விலக்கி வைங்க. தப்பா மாட்டுனவர் உங்களை கூப்பிட ஒரு கதவு திறந்து இருக்கணும். ஆனா இது ரிஜெக்ட் ஆர்பிஎல் செக்ல மட்டும்தான் நடக்கும், போஸ்ட்ஸ்கிரீனுக்கு மெயில் யாருக்கு போகுதுன்னு பாத்து விலக்கு குடுக்க தெரியாது. அதனால ரிஜெக்ட் மெசேஜ்லயே ஒரு வெப் பேஜ் லிங்கோ போன் நம்பரோ போட்டு வைக்கிறது இன்னும் நல்லது.

லிஸ்ட் போட்டாச்சு, ஆனா ஒண்ணுமே பிளாக் ஆகல. ஏன்?

உங்க சர்வர் எந்த டிஎன்எஸ் ரிசால்வரை (டிஎன்எஸ் கேள்விக்கு பதில் தேடித் தர்ற சர்வர்) கேக்குதுன்னு பாருங்க. 8.8.8.8, 1.1.1.1 மாதிரி பப்ளிக் ரிசால்வர்னா அங்கதான் பிரச்சனை. அது வழியா லட்சக்கணக்கான பேர் கேக்கும்போது கேக்குறது யாருன்னு லிஸ்ட்காரங்களுக்கு தெரியாது, அதனால ஸ்பாம்ஹாஸ் அந்த கேள்விக்கு உண்மையான பதில் குடுக்காது, 127.255.255.254ன்னு எரர் கோட் அனுப்பும். அளவுக்கு மீறி கேட்டா 127.255.255.255. லிஸ்ட் பேரை தப்பா டைப் பண்ணியிருந்தா 252ல முடியும்.

இதுல ஒரு பெரிய குழி இருக்கு. 127ல ஆரம்பிச்சாலே லிஸ்ட்ல இருக்குன்னு எடுத்துக்கற மாதிரி கான்ஃபிக் இருந்தா, இந்த எரர் கோடையே "லிஸ்ட்ல இருக்கு"ன்னு புரிஞ்சுக்கிட்டு உங்க சர்வர் வர்ற மெயில் அத்தனையும் திருப்பி அனுப்பிடும். அதனால போஸ்ட்ஃபிக்ஸ்ல லிஸ்ட் பேருக்கு பின்னாடி ஈக்வல் போட்டு 127.0.0.[2..11] வந்தா மட்டும்னு கண்டிப்பா எழுதுங்க. கூடவே சர்வர்லயே அன்பவுண்ட் மாதிரி சொந்த ரிசால்வர் ஒண்ணு வச்சிடுங்க, அதுவும் வேற யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாம தானே போய் கேக்குற மாதிரி. அஞ்சு நிமிஷ வேலை, பிளாக்லிஸ்ட் போடுற எல்லாருக்கும் இது அவசியம்.

சர்வருக்கு முன்னாடி லோட் பேலன்ஸரோ ஸ்பாம் கேட்வேயோ இருந்தாலும் ஒண்ணும் பிளாக் ஆகாது, ஏன்னா உங்க சர்வர் கண்ணுக்கு எல்லா கனெக்ஷனும் உள்ளுக்குள்ள இருக்கற ஒரே ஐபில இருந்து வர்ற மாதிரி இருக்கும்.

நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னிக்கு காலையில இருந்து எல்லா மெயிலும் ரிஜெக்ட். என்ன ஆச்சு?

எங்கயோ ஒரு லிஸ்ட் செத்துப் போயிருக்கும். இது அடிக்கடி நடந்த கதை. ஓஆர்டிபிங்கற லிஸ்ட் 2006 டிசம்பர்ல கடையை மூடிச்சு, ஆனா ஒரு வருஷத்துக்கு மேல ஆகியும் ஆளுங்க கான்ஃபிக்ல இருந்து எடுக்காம கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தாங்க, 2008 மார்ச்ல அவங்க எந்த ஐபியை கேட்டாலும் "லிஸ்ட்ல இருக்கு"ன்னு பதில் சொல்ல ஆரம்பிச்சாங்க. ஏஎச்பிஎல் 2015 ஆரம்பத்துல அதையே பண்ணுச்சு. ஸ்பாம்காப் மாதிரி உயிரோட இருக்கற லிஸ்ட்டுக்கே 2021 ஜனவரி 31 அன்னிக்கு டொமைன் எக்ஸ்பயர் ஆகி, எந்த பேரை கேட்டாலும் ஒரு பதில் வர்ற நிலைமை ஆச்சு, அதை நேரா ரிஜெக்ட்டுக்கு வச்சிருந்தவங்க மெயிலெல்லாம் நின்னு போச்சு. பதில் 127ல இருக்கான்னு செக் பண்ணவங்களுக்கு ஒண்ணும் ஆகல. பல வருஷமா எல்லாரும் போட்டு வச்சிருந்த சார்ப்ஸ் 2024 ஜூன்ல மூடியாச்சு, இன்னும் பழைய கான்ஃபிக்ல அது இருக்கு, உங்களோடதுல இருந்தா இப்பவே எடுத்துடுங்க.

லாக்ல எந்த லிஸ்ட் பேரு வருதுன்னு பாத்து அந்த வரியை கமெண்ட் பண்ணி ரீலோட் பண்ணுங்க, மெயில் வர ஆரம்பிச்சிடும். அப்புறமா நிதானமா காரணத்தை தேடுங்க.

எங்க ஆளுங்களே வீட்ல இருந்து மெயில் அனுப்ப முடியலைங்கறாங்க. பிளாக்லிஸ்ட் பிளாக் பண்ணுது.

மேல சொன்ன பிபிஎல்தான் இது. வீட்டு பிராட்பேண்ட் ஐபி பிபிஎல்ல இருக்கத்தான் செய்யும், அது சரியான இடத்துலதான் இருக்கு. உங்க யூசருங்க போர்ட் 587 இல்ல 465 வழியா, யூசர் நேம் பாஸ்வேர்டு குடுத்து அனுப்பணும், அந்த போர்ட்டுல பிளாக்லிஸ்ட் செக்கே இருக்கக் கூடாது. கான்ஃபிக்ல லாகின் பண்ணவங்களை அனுமதிக்கிற வரி முதல்லயும் ஆர்பிஎல் வரி அதுக்கு கீழயும் இருக்கான்னு பாருங்க, வரிசை மாறினா உங்க ஆளையே நீங்க துரத்துவீங்க.

இதே மாதிரி இன்னொரு தப்பு, ஹெட்டர்ல இருக்கற எல்லா ரிசீவ்டு வரியோட (மெயில் எந்தெந்த சர்வர் வழியா வந்துச்சுன்னு சொல்ற வரி) ஐபியையும் எடுத்து பிபிஎல்ல கேக்குறது. ஒருத்தர் வீட்ல இருந்து ஒழுங்கா லாகின் பண்ணி தன்னோட புரொவைடர் வழியா அனுப்புனாலும் முதல் வரில அவர் வீட்டு ஐபி இருக்கும். உங்க சர்வரை நேரா தொட்ட கடைசி ஐபியை மட்டும்தான் பிபிஎல்ல கேக்கணும்.

டொமைன் பிளாக்லிஸ்ட்னு ஒண்ணு சொல்றாங்களே?

ஸ்பாம்ஹாஸோட டிபிஎல், சர்பிஎல், யூஆர்ஐபிஎல் எல்லாம் அந்த வகை. ஐபிக்கு பதிலா மெயிலுக்குள்ள இருக்கற லிங்கோட டொமைன், அனுப்புனவரோட டொமைன் இதையெல்லாம் பாக்கும். ஐபியை மாத்திக்கிட்டே இருக்கற ஸ்பாமர் லிங்க்கை அவ்வளவு சுலபமா மாத்த முடியாது, அதனால நல்லா பிடிக்கும். டிபிஎல்ல ஐபியை மட்டும் கேட்டுடாதீங்க, எந்த ஐபியை கேட்டாலும் 127.0.1.255ன்னு பதில் வரும், அதை ரிஜெக்ட் ஆர்பிஎல் கிளையன்ட்ல எழுதி வச்சா மொத்த மெயிலும் போச்சு. அதுக்கு ஆர்எச்எஸ்பிஎல்னு தனி செட்டிங் இருக்கு.

ஐபிவி6க்கும் இதே முறைதானா?

முறை அதேதான், 32 எழுத்தையும் ஒண்ணொண்ணா தலைகீழா போட்டு கேக்கும். ஆனா ஒரு ஆளுக்கே ஒரு ஸ்லாஷ் 64 ரேஞ்சு கிடைக்குது, ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு புது ஐபி மாத்திக்கலாம், அதனால தனித்தனி ஐபியா லிஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல, பெரும்பாலும் ஸ்லாஷ் 64ஆதான் சேப்பாங்க. ஒரே 64க்குள்ள பல கஸ்டமரை திணிக்கிற ஹோஸ்டிங் கம்பெனில இருந்தீங்கன்னா பக்கத்து ஆளால நீங்க மாட்டுவீங்க, தனி 64 கேட்டு வாங்குங்க.

என் சர்வர் ஐபியே லிஸ்ட்ல வந்துடுச்சு. முதல்ல டீலிஸ்ட் (லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்ற) ரிக்வெஸ்ட் போடணுமா?

முதல்ல போடாதீங்க. காரணத்தை கண்டுபிடிக்காம எடுக்க சொன்னா திரும்ப உள்ள போயிடுவீங்க, ரெண்டாவது மூணாவது தடவை எடுக்கறது கஷ்டமாயிட்டே போகும்.

மெயில் க்யூவை பாருங்க. உங்களுக்கு சம்பந்தமே இல்லாத அட்ரஸுக்கு ஆயிரக்கணக்குல நிக்குதுன்னா உள்ள இருந்துதான் போகுது. லாக்ல எஸ்ஏஎஸ்எல் யூசர்நேம்னு (லாகின் பண்ணவரோட பேரு) ஒரு ஃபீல்டு இருக்கும், ஒரே பேரு திரும்பத் திரும்ப வருதான்னு பாருங்க. யாரோ ஒருத்தர் பாஸ்வேர்டு திருடு போயிருக்கும், நான் பாத்த வரைக்கும் முக்காவாசி காரணம் இதுதான், பாஸ்வேர்டை மாத்துங்க, க்யூவுல இருக்கற அந்த மெயிலை மட்டும் அழிங்க. லாகினே இல்லாம போகுதுன்னா வெப்சைட்ல இருந்து போகுது, பழைய வேர்ட்பிரஸ் பிளகினோ, கேப்ட்சா இல்லாத கான்டாக்ட் ஃபார்மோ. க்யூ காலியா இருக்கு, லாக்லயும் ஒண்ணும் இல்ல, ஆனா எக்ஸ்பிஎல்ல இருக்கீங்கன்னா அதே பப்ளிக் ஐபிக்கு பின்னாடி இருக்கற ஆபீஸ் கம்ப்யூட்டர் ஏதோ ஒண்ணுல வைரஸ். மெயில் சர்வரை தவிர வேற எந்த மெஷினும் வெளிய போர்ட் 25க்கு போகக் கூடாதுன்னு ஃபயர்வால்ல ஒரு ரூல் போட்டு லாக் பண்ணுங்க, எந்த மெஷின் முட்டிக்கிட்டு நிக்குதுன்னு அதுவே காட்டிக் குடுத்துடும்.

கூடவே ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபில இருந்து பேரை சொல்றது) இருக்கா, ஹீலோல (கனெக்ஷன் ஆரம்பத்துல சொல்ற அறிமுகம்) சர்வர் தன் முழு பேரை சொல்லுதா இல்ல லோக்கல்ஹோஸ்ட்னு சொல்லுதான்னும் பாத்துடுங்க. எல்லாம் சரியான அப்புறம் ரிக்வெஸ்ட் போடுங்க. ஸ்பாம்ஹாஸ்ல எக்ஸ்பிஎல், சிஎஸ்எஸ், பிபிஎல்க்கு அவங்க செக்கர் பேஜ்ல நீங்களே போடலாம், எஸ்பிஎல்னா உங்க ஐஎஸ்பி இல்ல ஹோஸ்டிங் கம்பெனியோட அப்யூஸ் டீம்தான் பேசணும், நீங்க நேரா எழுதி பிரயோஜனம் இல்ல. என்ன நடந்துச்சு, என்ன சரி பண்ணோம்னு நாலு வரில உண்மையை எழுதுங்க, அந்தப் பக்கம் படிக்கிறவங்க தினம் இதைத்தான் படிக்கிறாங்க, மழுப்பினா உடனே தெரிஞ்சிடும்.

காசு குடுத்தா உடனே எடுத்துடுறோம்னு ஒரு லிஸ்ட் சொல்லுது. குடுக்கலாமா?

குடுக்காதீங்க. ஸ்பாம்ஹாஸ் லிஸ்ட்ல இருந்து எடுக்க காசு கேக்குறதே இல்ல. யூசிஇ புரொடெக்ட்ல காசுக்கு எக்ஸ்பிரஸ் வழி இருக்கு, ஆனா ஸ்பாம் நின்னா 7 நாள்ல லெவல் 1 தானாவே எக்ஸ்பயர் ஆகிடும். உங்க மெயில் உண்மையிலயே அந்த லிஸ்ட்டால பவுன்ஸ் ஆகுதான்னு பவுன்ஸ் மெசேஜை படிச்சு பாருங்க. நூறு லிஸ்ட்டை ஒண்ணா செக் பண்ற சைட்ல ஏதோ ரெண்டு சிவப்பா இருக்குன்னு பயப்படாதீங்க, அந்த ரெண்டையும் யாரும் பயன்படுத்தலைன்னா உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

எந்த லிஸ்ட்லயும் இல்ல, ஆனா பெரிய மெயில் கம்பெனிங்க மட்டும் வாங்க மாட்டேங்குது?

அவங்க வெளி லிஸ்ட்டை விட சொந்தமா சேத்து வச்சிருக்கற ரெப்யூட்டேஷனைத்தான் பெருசா நம்புறாங்க. ஜிமெயில் 2024 பிப்ரவரில இருந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டுல ஒண்ணாவது எல்லாருக்கும் வேணும்னு சொல்லுது, ஒரு நாளைக்கு 5000க்கு மேல அனுப்புனா ரெண்டும் கூடவே டிமார்க்கும் வேணும் (மூணும் மெயில் அந்த டொமைன்ல இருந்துதான் வந்துச்சான்னு சரிபாக்குற முறைங்க), ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை தொடக் கூடாது. கூகுளோட போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ், மைக்ரோசாஃப்டோட எஸ்என்டிஎஸ் ரெண்டுலயும் பதிவு பண்ணி உங்க நிலைமை என்னன்னு பாருங்க.

தப்பா லிஸ்ட் பண்ணாங்கன்னு கேஸ் போட முடியுமா?

போட்டிருக்காங்க. அமெரிக்காவுல இ360ங்கற கம்பெனி ஸ்பாம்ஹாஸ் மேல கேஸ் போட்டு, ஸ்பாம்ஹாஸ் தொடர்ந்து வாதாடாததால 2006ல 1.17 கோடி டாலர் நஷ்டஈடுன்னு தீர்ப்பு வந்துச்சு. அப்பீல் போய் நஷ்டத்தை நிரூபிக்க சொன்னதும் 2010ல அது 27,002 டாலரா இறங்குச்சு, 2011ல அப்பீல் கோர்ட் அதையும் குறைச்சு 3 டாலர்னு முடிச்சு வச்சுது.

பிளாக்லிஸ்ட் மட்டும் போட்டா போதுமா?

போதாது. திருடின ஜிமெயில் அக்கவுண்ட்ல இருந்து வர்ற ஸ்பாமை ஐபி லிஸ்ட்டால பிடிக்க முடியாது, அந்த ஐபில நல்ல மெயிலும் வருது. பின்னாடி ஆர்ஸ்பாம்டியோ ஸ்பாம்அசாசினோ உள்ளடக்கத்தை பாக்கணும், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் செக் வேணும். பெரிய புரொவைடரோட ஐபி எப்பவாவது லிஸ்ட்ல வந்துட்டா அதுக்கு விலக்கு குடுக்க ஒரு வொயிட்லிஸ்ட் ஃபைல் தயாரா வைங்க, பிரச்சனை வர்ற அன்னிக்கு ராத்திரி தேடிக்கிட்டு இருக்க வேண்டாம்.

லிஸ்ட் ஒழுங்கா வேலை செய்யுதான்னு எப்படி செக் பண்றது?

இதுக்குன்னே ஒரு ஏற்பாடு இருக்கு. ஆர்எஃப்சி 5782 படி ஒவ்வொரு ஐபி லிஸ்ட்லயும் 127.0.0.2 எப்பவும் இருக்கணும், 127.0.0.1 எப்பவும் இருக்கக் கூடாது. அதனால மெயில் சர்வருக்குள்ளயே லாகின் பண்ணி, வெளிய உங்க லேப்டாப்ல இருந்து இல்ல, டிஎன்எஸ்ல கேக்க உதவுற டிக் கமாண்ட்ல 2.0.0.127க்கு பின்னாடி லிஸ்ட் பேரை போட்டு கேளுங்க, பதில் வரணும். அப்புறம் 1.0.0.127 போட்டு கேளுங்க, பேரே இல்லைன்னு வரணும். முதல்ல பதில் வரலைன்னா லிஸ்ட் செத்துடுச்சு இல்ல ரிசால்வர் சரியில்ல, ரெண்டாவதுக்கு பதில் வந்தா அந்த லிஸ்ட் எல்லாரையும் பிளாக் பண்ண ஆரம்பிச்சிடுச்சு, இல்லைன்னா வர்றது மேல சொன்ன 127.255 எரர் கோட். இந்த ரெண்டு கேள்வியையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டா எழுதி கிரான்ல மணிக்கு ஒரு தடவை ஓட விடுங்க, ரெண்டுல எது மாறினாலும் உங்க போனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி. மெயில்ல அலர்ட் வைக்காதீங்க, லிஸ்ட் கெட்டுப் போனா அந்த அலர்ட்டையும் சேத்துதான் அது ரிஜெக்ட் பண்ணும்.